சூப்பர்சானிக் இன்லெட் சிமுலேஷன்: ரான்ஸா, எல்ஈஎஸ்ஸா, டிஈஎஸ்ஸா?

குரோம்பேட்டை எம்ஐடியோ, ஐஐடி மெட்ராஸோ, விமானவியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு சூப்பர்சானிக் இன்லெட்டை (ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் எஞ்சினுக்குக் காற்றை உள்வாங்கும் வாய்) எடுத்ததும் ஃப்ளூயன்ட்டா, எஸ்யு2வா, ஓப்பன்ஃபோமா என்று பேச்சு ஓடும். சாஃப்ட்வேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காற்றோட்டத்தின் கொந்தளிப்பை (டர்புலன்ஸ்) எப்படிக் கையாளப் போகிறீர்கள் என்பதில்தான் புராஜெக்டின் தலையெழுத்தே இருக்கிறது.

அதற்கு வழிகள் மூன்று. ரான்ஸ் (RANS) கொந்தளிப்பு முழுவதையும் சராசரியாக்கி, அதன் விளைவைத் தோராயமாகக் கணிக்கும் மாடலிடம் ஒப்படைத்துவிடும். இரு பரிமாண இன்லெட் என்றால் சாதாரண டெஸ்க்டாப்பே போதும். விடையைக் கைக்கணக்கோடு ஒப்பிடவும் வழியுண்டு. மாக் 2இல் (ஒலியைப்போல் இரு மடங்கு வேகம்) ஒரே ஒரு நேர் அதிர்ச்சி அலை (காற்றின் வேகம் சட்டெனக் குறைந்து அழுத்தம் எகிறும் இடம்) என்றால் மொத்த அழுத்தத்தில் சுமார் 72% மிஞ்சும். முன்னால் 10 டிகிரி சாய்தளம் வைத்தால் சாய்ந்த அலை வேகத்தை மாக் 1.64க்கு இறக்கும், அதன்பின் நேர் அலை வந்தாலும் ஏறக்குறைய 87% மிஞ்சும். உராய்வில்லாத கணக்கு இது. ரான்ஸ் விடை இதைவிடச் சற்றுக் குறைவாக வர வேண்டும். கூடுதலாக வந்தால் எங்கோ தவறு.

அதிர்ச்சி அலை எல்லைப் படலத்தில் (சுவரை ஒட்டி உராய்வால் மெதுவாகும் காற்று அடுக்கு) மோதும் இடத்தில்தான் ரான்ஸ் தடுமாறுகிறது. 1992இல் வந்த ஸ்பாலார்ட்-ஆல்மராஸ் மாடலை மாற்றி 1994இல் வந்த எஸ்எஸ்டி (SST) மாடலைப் போட்டால், அதே இன்லெட்டில் பிரிவுக் குமிழின் (ஓட்டம் சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும் பகுதி) நீளம் மாறிவிடும்.

எல்ஈஎஸ் (LES) பெரிய சுழல்களை நேரடியாகவே கணிக்கும். ஆனால் சுவரோரத்தில் அது கேட்கும் மெஷ் (ஓட்டவெளியைப் பிரிக்கும் கணக்குக் கட்டங்கள்) பிரம்மாண்டமானது. கிளஸ்டரில் தாராளமாக நேரம் கிடைக்கும் பிஎச்டி மாணவருக்கு அது சரி.

டிஈஎஸ் (DES) இடைவழி: சுவரோரம் ரான்ஸ், வெளியே எல்ஈஎஸ். 1997இல் முன்வைக்கப்பட்டது. எல்லைப் படலத்துக்குள் மெஷ் அரைகுறையாக நுண்மையானால் இல்லாத பிரிவைக் காட்டும் கோளாறு அதில் இருந்தது. அதைச் சரிசெய்ய வந்த டிடிஈஎஸ் (DDES) என்ற திருத்திய வடிவத்தையே எடுங்கள்.

என் பரிந்துரை ரான்ஸ். பின்னழுத்தத்தை (இன்லெட்டின் வெளிவாயில் உள்ள அழுத்தம்) கூட்டிக்கொண்டே போகும்போது ரெசிட்யுவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) இறங்காமல் ஆடினால், துல்லியம் குறைந்த முதல்நிலை ஸ்கீமுக்கு மாறி அதை அடக்கிவிடாதீர்கள், தயவுசெய்து! ஓட்டமே ஆடிக்கொண்டிருக்கலாம், அதிர்ச்சி அலை வாய்க்கு வெளியே தள்ளப்பட்டு முன்னும் பின்னும் அலையும் 'பஸ்' (buzz) தொடங்கியிருக்கலாம். அப்போது அதே மெஷ்ஷில் நேரம் சார்ந்த ரான்ஸை ஓட்டுங்கள். பஸ் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் நடப்பதால், எல்ஈஎஸ் இல்லாமலேயே அதன் போக்கைப் பிடித்துவிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. எல்ஈஎஸ்ஸில் ஒரு ரன் முடிவதற்குள் செமஸ்டரே போய்விடும். ரான்ஸில் மூன்று மெஷ்களில் ஓட்டி, அழுத்த மீட்பு (மிஞ்சும் மொத்த அழுத்தத்தின் விகிதம்) மாறாமல் நிற்கிறதா என்று வைவாவில் எண்களோடு காட்ட முடியும்.