பழைய வீட்டில் பழுது தெரிந்தபின்: விற்பவர் சரிசெய்து தருவதா, விலையைக் குறைப்பதா, பணத்தை நிறுத்திவைப்பதா?

சென்னையில் முப்பது வருஷத்து ரீசேல் வீடு ஒன்றை இன்ஜினியரோடு போய்ப் பார்த்தால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. சீலிங்கில் ஓதம், சன்ஷேடில் கம்பித் துரு, எர்த் இல்லாத வயரிங் என்று ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். அதை வைத்துப் பேசுவதற்கு மூன்று வழிகள்தான் நடைமுறையில் இருக்கின்றன. எந்தப் பழுதுக்கு எந்த வழி என்பதில்தான் லட்சக்கணக்கில் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

எந்த வழியானாலும் பரிசோதனை அட்வான்ஸுக்கு முன்பே முடிய வேண்டும். பத்து லட்சம் கைமாறியபின் பட்டியலை நீட்டினால் விற்பவர் அசைய மாட்டார். டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையாகக் கொடுத்து, ‘கட்டடத்தில் பெரிய குறை தெரிந்தால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்குங்கள். ‘பேங்க் இன்ஜினியர் பார்த்துட்டாரு சார்’ என்று புரோக்கர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கி தரும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதைத்தான். மொட்டை மாடித் தளத்தைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலையில்லை.

விற்பவரே சரிசெய்து தருவது

கேட்க நன்றாக இருக்கும். கம்பித் துருவுக்கு இதுதான் மிக மோசமான வழி. வீட்டை விட்டுப் போகிறவர் குறைந்த செலவில் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார். பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் பதிவு நாளன்று வீடு புதுசாகத் தெரியும். உள்ளே துரு நிற்காது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் பூச்சு ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே கழன்று விழும்.

முறையான வேலை வேறு. பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பி பளிச்சென்று தெரியும்வரை துருவைத் தேய்த்து, மீதிக் கம்பியின் தடிமனை வெர்னியர் என்ற அளவுகருவியால் அளக்க வேண்டும். 12 மிமீ கம்பி 10 மிமீ ஆகியிருந்தால் குறுக்குவெட்டில் சுமார் 30 சதவீதம் போய்விட்டது என்று பொருள். பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும். அதன்பின் ஜிங்க் பிரைமர், பழைய கான்கிரீட்டோடு ஒட்டவைக்கும் பாண்டிங் கோட், பாலிமர் கலந்த கலவை, கடைசியில் தண்ணீர் காட்டுவது. இந்த வழிக்கு ஒப்புக்கொள்வதாக இருந்தால் ஒவ்வொரு படியையும் அக்ரிமெண்டில் எழுதி, கம்பி வெளியே தெரியும் நாளில் உங்கள் இன்ஜினியர் நேரில் பார்க்க வேண்டும் என்றும் சேருங்கள்.

ஒரே நாளில் சோதித்துவிடக்கூடிய வேலைகளுக்கு இந்த வழி சரி. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுவது, எர்த் எடுப்பது, மோட்டார் மாற்றுவது போன்றவை அந்த வகை. ஈபி பாக்கி, சொத்து வரி, அசோசியேஷன் பாக்கி ஆகியவற்றை அவர்தான் தீர்த்துத் தர வேண்டும். மேல்வீட்டுப் பாத்ரூமிலிருந்து உங்கள் சீலிங்கில் கசிந்தாலும் விற்பவர்தான் முன்னால் நிற்க வேண்டும். மேல்வீட்டார் சம்மதிக்காமல் அந்தத் தரையைத் திறக்க முடியாது. வருஷக்கணக்காகப் பழகியவர் கேட்டு நடக்காதது, புதிதாகக் குடிவந்த நீங்கள் கேட்டு நடப்பது கடினம்.

விலையைக் குறைப்பது

மொட்டை மாடி, வயரிங், பிளம்பிங், ஓரிரு இடத்துக் கம்பித் துரு ஆகியவற்றுக்கு என் தேர்வு இதுதான். மேஸ்திரியும் பொருளும் உங்கள் கையில் இருக்கும்.

ஆனால் கடனில் வாங்குபவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விலை 70 லட்சம், வங்கி 80 சதவீதம் தருகிறது என்றால் கடன் 56 லட்சம், கைப்பணம் 14 லட்சம். பழுதுக்காக விலை 67 லட்சமாக இறங்கினால் கடனும் 53.6 லட்சமாக இறங்கும், கைப்பணம் 13.4 லட்சம். விலையில் 3 லட்சம் குறைந்தது, ஆனால் கையில் மிஞ்சியது 60 ஆயிரம்தான். ரிப்பேருக்கான 3 லட்சத்தில் மீதியை ரொக்கமாக வேறெங்கோ புரட்ட வேண்டும். பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் என்பதால் 27 ஆயிரம் மிச்சமாகும். அதுவும் குறைந்த விலை, பத்திரச் செலவுக்கு அரசு வைத்திருக்கும் கைடுலைன் மதிப்புக்குக் கீழே போகாதவரைதான்.

எவ்வளவு கேட்பது? இரண்டு பேரிடம் அளவு போட்ட கொட்டேஷன் வாங்குங்கள்: மாடி இத்தனை சதுர அடி, பீம் இத்தனை அடி என்று. கொத்திப் பார்த்தபின் அளவு கூடும் என்பதால் மேலே 20 சதவீதம் சேர்க்கலாம். ‘பழைய வீட்டுக்கு ஏத்த விலைதானே சொல்லியிருக்கேன்’ என்று விற்பவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. கண்ணுக்குத் தெரிந்த மங்கிய பெயிண்டுக்கும் உடைந்த டைலுக்கும் பேரம் பேசாதீர்கள். பரிசோதனையில்தான் தெரிந்தவற்றை மட்டும் போட்டோவோடு வையுங்கள். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் புலப்படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அதை மென்மையாக நினைவூட்டினால் போதும்.

பணத்தை நிறுத்திவைப்பது

ஏப்ரல், மே மாதங்களில் வாங்குபவருக்கு வரும் யோசனை இது: வடகிழக்குப் பருவமழை முடியட்டும், ஒழுகவில்லை என்றால் 2 லட்சம் தருகிறேன். நடைமுறையில் சிக்கல்தான். முழுப்பணமும் பெற்றுக்கொண்டதாகத்தான் கிரயப் பத்திரத்தில் எழுதுவார்கள். பாக்கி இருப்பதாக எழுதினால் விற்பவருக்குச் சொத்தின் மேல் பாத்தியதை நிற்கும் என்பதால் கடன் தரும் வங்கி பெரும்பாலும் ஏற்காது. தனிக் கடிதம், பின்தேதியிட்ட செக் என்று போனால் இரண்டு பக்கமும் நம்பிக்கையை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விற்பவர் பதிவுக்குப் பின்னும் ஒரு மாதம் குடியிருந்து காலி செய்வதாக இருந்தால், சாவி கைக்கு வரும்வரை சிறு தொகையை நிறுத்தலாம். அவ்வளவுதான் இதன் எல்லை.

மழைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாய்களை அடைத்து, ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். தளமே பலவீனமாகத் தெரிந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் கட்டாதீர்கள்.

மூன்றும் உதவாத இடம்

கம்பி துருப்பிடித்த இடத்தில் கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து, புதிதாகத் தெரியும் முகத்தில் பினாஃப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறாவிட்டால் கான்கிரீட்டின் காரத்தன்மை போய்விட்டது. காற்றும் வயதும் செய்த வேலை. கம்பியைச் சுற்றி நல்ல ரோஸ் நிறம் வந்தும் கம்பி துருப்பிடித்திருந்தால் உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். கட்டும்போது உப்புத் தண்ணீர் கலந்திருக்கலாம். கழுவாத கடல் மணல் போட்டிருக்கலாம். கான்கிரீட் தூளை லேபுக்கு அனுப்பி குளோரைடு அளவு பார்த்தால் உறுதியாகும். அப்படிப்பட்ட கட்டடத்தில் ஓர் இடத்தைச் சரிசெய்தால் அதை ஒட்டிய கம்பியில் துரு வேகமெடுக்கும். 3 லட்சம் குறைப்பதில் அர்த்தமில்லை. தனி வீடானால் மனை விலையில் இடிக்கும் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

அடுக்குமாடியில் அதுவும் முடியாது. காலம் (கான்கிரீட் தூண்), பீம் எல்லாம் பொதுச் சொத்து. ஒரு வீட்டுக்காரர் மட்டும் சரிசெய்ய வழியில்லை. அதனால் ஃபிளாட் பார்க்கப் போனால் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்த்தளப் பார்க்கிங்கில் காலம்களின் அடிப்பகுதியைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலப் பொத்தென்று சத்தம் வந்தால், அசோசியேஷன் கூட்டக் குறிப்பேட்டையும் ரிப்பேர் நிதிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படித்தபின் விலை பேச உட்காருங்கள்.