ஜாவாஸ்கிரிப்ட் செட்: ஒன்றா இரண்டா என்று முடிவு செய்வது நீங்கள்தான்

2015 ஜூனில் வந்த ஈஎஸ்6 பதிப்போடு ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் நுழைந்தது 'செட்' என்ற மதிப்புத் தொகுப்பு. ஒரே மதிப்பை இரண்டு தடவை வைத்துக்கொள்ளாது, போட்ட வரிசையை மறக்காது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் எழுதும் நிரல்களில் இது தேவைப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: தைப்பூசத் தொண்டர் பதிவு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், கடைச் சரக்குக் குறியீடு. நான்கு பேர் நான்கு எக்செல் கோப்பில் திரட்டியதை ஒரே இடத்தில் கொட்டி, "இரட்டைப் பதிவை எடுத்துவிடுங்கள்" என்பார்கள். இந்த மாதிரி வேலைகளில் நீண்ட நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகு செட் மீது சொல்லக் குறை அதிகமில்லை. அதற்குள் போடுமுன் செய்யாமல் விட்ட வேலைதான் பிறகு செட்டின் பிழை போலத் தெரிகிறது.

வேகத்தைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. 5,000 பெயரை இன்னொரு 5,000 பெயரோடு அரே என்ற சாதாரணப் பட்டியலின் 'இன்க்ளூட்ஸ்' கொண்டு ஒப்பிட்டால், மோசமான நிலையில் 2.5 கோடி ஒப்பீடு. இரண்டாவது பட்டியலைச் செட்டாக்கி 'ஹேஸ்' (உள்ளே இருக்கிறதா) என்று கேட்டால் 5,000 சேர்ப்பும் 5,000 தேடலும்தான். ஆனால் 'ஃபில்டர்' கொடுக்கும் சார்புக்குள்ளேயே 'நியூ செட்' எழுதியிருக்கும் நிரல்களைப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு பெயருக்கும் 5,000 மதிப்புள்ள செட் ஒன்று புதிதாகக் கட்டப்படும்; அரேயே தேவலாம் என்றாகிவிடும். செட்டைச் சுழற்சிக்கு வெளியே ஒரு தடவை கட்டுங்கள். இருபது முப்பது மதிப்புக்கு எதைப் பயன்படுத்தினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

எது 'ஒன்று' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. செட்டின் ஒப்பீடு மூன்று சமக்குறி ஒப்பீட்டைப் போன்றது, ஒரே ஒரு விலக்கு: 'நான்' (NaN) என்ற எண்ணல்லாத மதிப்பு தனக்குத்தானே சமம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் எண்ணாக மாற்றத் தவறிய பத்து வரிகள் இருந்தாலும் செட்டில் ஒரே ஒரு 'நான்' நிற்கும். பத்து பேர் காணாமல் போன தடயம் அது ஒன்றுதான், கண்டால் விடாதீர்கள். 10 என்ற எண்ணும் '10' என்ற சரமும் (எழுத்துத் தொடரும்) வேறு வேறு. பல புலங்கள் கொண்ட ஆப்ஜெக்ட் என்றால் உள்ளே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. ஒரே ஐடி, ஒரே பெயர் கொண்ட இரண்டு ஆப்ஜெக்ட்டைப் போட்டால் 'சைஸ்' 2 என்றுதான் வரும்.

ஆப்ஜெக்ட்டில் இரட்டையை நீக்க, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு வைக்கும் 'மேப்' சரியான கருவி. ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டையும் சாவி, ஆப்ஜெக்ட் என்ற ஜோடியாக்கி மேப்பில் போட்டு 'வேல்யூஸ்' எடுத்தால் முடிந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே சாவி திரும்ப வந்தால் கடைசியாக வந்த விவரம் நிற்கும், ஆனால் முதலில் வந்ததன் இடத்தில். முதல் பதிவே செல்லும் என்பது ஏற்பாட்டாளர் விதியானால் 'ஹேஸ்' கேட்டுவிட்டுப் போடுங்கள். தேதியும் இடமும் சேர்ந்தால்தான் தனித்தன்மை என்றால் இரண்டையும் ஓர் அரேயில் வைத்து ஜேசான் (தரவை எழுத்தாக்கும் வடிவம்) சரமாக்கிச் சாவியாகக் கொள்ளலாம். ஆப்ஜெக்ட்டை அப்படியே ஜேசான் ஆக்காதீர்கள், புலங்களின் வரிசை மாறினால் சரமும் மாறிவிடும்.

சாவியாக எதை எடுப்பது? மலேசியாவில் முதலில் நினைவுக்கு வருவது அடையாள அட்டை எண். 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. சிலர் கோடு போட்டு எழுதுவார்கள், சிலர் போடாமல். இலக்கம் அல்லாததையெல்லாம் நீக்கிவிட்டால் அது சரியாகிவிடும். அதை எண்ணாக மாற்றுவதுதான் ஆபத்து. 2005இல் பிறந்தவரின் எண் 05 என்று தொடங்கும். எண்ணாக்கினால் முன்னால் உள்ள சுழி போய் 11 இலக்கமாகும். கங்காரின் 01000, அலோர் ஸ்டாரின் 05000 ஆகிய அஞ்சல் குறியீடுகளுக்கும் இதே கதி. எப்போதும் சரமாகவே வையுங்கள்.

எக்செல் இதைவிடப் பெரிய வம்பு செய்யும். கோடில்லாத 12 இலக்கத்தை அது எண்ணாக எடுத்து அடுக்குக்குறி வடிவில் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் முன்னிலக்கங்கள் சிலவற்றைத் தவிர மற்றவை தொலைந்துவிடும். முதல் ஆறும் பிறந்த தேதி என்பதால் ஒரே நாளில் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே மதிப்பாகிவிடுவார்கள். செட் தன் கடமையைச் செய்து ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆகவே செட்டுக்குள் போகுமுன் ஒவ்வொரு மதிப்பும் சரியாக 12 இலக்கம்தானா என்று சோதித்து, தேறாதவற்றைத் தனி அரேயில் ஒதுக்குங்கள். கோப்பு தயாரிப்பவரிடம் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட்டு நிரப்பச் சொல்வது இன்னும் நல்லது.

கைத்தொலைபேசி எண்ணுக்குப் பல தடவை ஓட்டித் தேறிய விதி இது. இலக்கம் அல்லாததை நீக்கு. 00 என்று தொடங்கினால் அந்த இரண்டையும் எடு. 0 என்று தொடங்கினால் முன்னால் 6 சேர். 600 என்று தொடங்கினால் 60 ஆக்கு. கடைசி விதி '+60' போட்டுவிட்டு 012 என்றும் சேர்த்து எழுதுகிறவர்களுக்காக. பெயரைச் சாவியாக எடுக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இன்னாரின் மகன் என்று குறிக்கும் 'ஏ/எல்' ஒரு கோப்பில் இருக்கும், இன்னொன்றில் அதே பொருளில் 'எஸ்/ஓ', மூன்றாவதில் ஒன்றுமே இருக்காது.

பெயர் தமிழில் இருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால்குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், செட்டுக்கு இரண்டும் வேறு. பழைய விசைப்பலகையிலோ எழுத்துரு மாற்றியிலோ வந்த 'கோவிந்தன்' பட்டியலில் இரண்டு தடவை நிற்பதன் காரணம் இதுவே. சரத்தின் 'நார்மலைஸ்' முறையை, பிரிந்த குறிகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவில் ஒரு தடவை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். ஆனால் ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதிலாக யாராவது 'ள' என்ற எழுத்தையே தட்டியிருந்தால் 'நார்மலைஸ்' காப்பாற்றாது. அது எழுத்துப்பிழை, கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

இதைச் சோதிக்க 'கோலாலம்பூர்' நல்ல சொல். செட்டுக்குச் சரத்தை நேராகக் கொடுத்தால் அதைத் துண்டு துண்டாக்கிவிடும், அதுவும் எழுத்து எழுத்தாக அல்ல, குறியீடு குறியீடாக. ஒற்றைக் குறியீட்டு ஓகாரத்தோடு எழுதினால் சரத்தின் நீளம் 11, செட்டின் 'சைஸ்' 9. பிரித்து எழுதினால் நீளம் 12, 'சைஸ்' அப்போதும் 9, ஏனென்றால் கூடுதலாக வந்த கால் 'லா'வில் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து இரண்டும் ஒன்று என்று ஏமாந்துவிடலாம். நம் கணக்கில் அந்தச் சொல்லில் ஆறே எழுத்து: கோ, லா, ல, ம், பூ, ர். அந்த ஆறு வேண்டுமானால் 'இன்டிஎல்' தரும் 'செக்மென்டர்' கொண்டு பிரித்துவிட்டுச் செட்டில் போட வேண்டும். ஒரே ஒரு சொல்லைச் செட்டில் வைக்க நினைத்தவர் அதைச் சதுர அடைப்புக்குள் போட்டுத் தர வேண்டும். மறந்தால் ஒரு பெயருக்குப் பதில் ஒன்பது துண்டு கிடைக்கும்.

ஈஎஸ்2025 பதிப்பு ஏழு புதிய முறைகளைச் செட்டுக்குத் தந்தது: யூனியன், இன்டர்செக்ஷன், டிஃபரன்ஸ், சிமெட்ரிக் டிஃபரன்ஸ் என நான்கு; உட்கணமா, மேற்கணமா, பொது ஏதும் இல்லையா என்று கேட்க மூன்று. சஃபாரி 17, குரோம் 122, ஃபயர்ஃபாக்ஸ் 127, நோட் 22 முதல் இவை உண்டு. லோடேஷ் போன்ற நூலகத்தை இதற்காக மட்டும் வைத்திருந்தவர்கள் எடுத்துவிடலாம். பயனர்களிடம் பழைய ஆண்ட்ராய்டு போன் அதிகம் என்றால் இல்லாத வசதியை ஈடுகட்டும் கோர்-ஜேஎஸ் பாலிஃபில் இன்னும் சில காலம் இருக்கட்டும்.

கோலாலம்பூரின் எல்ஆர்டி ரயில் வழித்தடங்களில் இதைப் பார்த்தால் தெளிவாக இருக்கும். அம்பாங் தடத்தில் 18 நிலையம், ஶ்ரீ பெட்டாலிங் தடத்தில் 29. செந்தூல் தீமோரிலிருந்து சான் சோவ் லின் வரை 11 நிலையம் இரண்டுக்கும் பொது. 'யூனியன்' 36 தரும். கெலானா ஜெயா தடத்தின் 37 நிலையங்களை ஶ்ரீ பெட்டாலிங்கோடு 'இன்டர்செக்ஷன்' செய்தால் மஸ்ஜித் ஜாமெக், புத்ரா ஹைட்ஸ் இரண்டும் வரும். முடிவின் வரிசை சிறிய செட்டைப் பின்பற்றும். இரண்டும் சம அளவானால் முறையை அழைத்த செட்டின் வரிசை. இம்முறைகளுக்கு அரேயை நேராகத் தர முடியாது, டைப் எரர் விழும். மேப்பைத் தரலாம், அதன் சாவிகளை எடுத்துக்கொள்ளும்.

இப்போது ஶ்ரீ பெட்டாலிங் தடத்தைக் காஜாங் எம்ஆர்டி ரயில் தடத்தோடு ஒப்பிடுங்கள். பொது ஏதும் இல்லை என்று செட் அடித்துச் சொல்லும். ஆனால் பிளாசா ராக்யாட் நிலையத்தில் இறங்கி நடைபாதை வழியே மெர்டேக்காவுக்குப் போய் எம்ஆர்டி ஏறுகிறவர்கள் அன்றாடம் உண்டு. கேஎல் சென்ட்ரல், மூசியம் நெகாரா ஜோடியும் அப்படித்தான். பெயரைச் சாவியாக வைத்த பயணச் செயலி இந்த மாற்றங்களைக் காட்டவே காட்டாது. நடந்து மாறக்கூடிய நிலையங்களுக்குப் பொதுவான ஒரு குழுக் குறியீடு கொடுத்து, செட்டில் அந்தக் குறியீட்டைப் போட வேண்டும்.

சேமிப்பதில் செட் படுத்தும் பாடு தனி. செட்டை ஜேசான் ஆக்கினால் {} என்று வெற்று அடைப்பு வரும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் அந்த {} போய் உட்காரும்; அடுத்த முறை எடுத்து 'நியூ செட்'டிடம் தரும்போதுதான் டைப் எரர் வெடிக்கும். போடுமுன் [...செட்] என்று அரேயாக்குவதும் எடுத்ததும் திரும்பச் செட்டாக்குவதும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். இன்டெக்ஸ்டு டிபியும் 'ஸ்ட்ரக்சர்டு க்ளோன்' முறையும் செட்டை அப்படியே ஏற்கும், அங்கே இந்தத் தொல்லை கிடையாது. அடையாள அட்டை எண்களை மட்டும் பிரவுசரில் சேமிக்கவே சேமிக்காதீர்கள்.

திரை அமைக்க உதவும் ரியாக்ட் நூலகத்தில் ஸ்டேட்டாக (திரையின் நிலைத் தரவாக) வைத்த செட்டில் 'ஆட்' செய்தால் திரை அசையாது. செட் அதே ஆப்ஜெக்ட் என்பதால் மாற்றம் நடந்ததே அதற்குத் தெரியாது. பழையதிலிருந்து புதுச் செட் கட்டி, அதில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்கு இம்மர் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் 'எனேபிள் மேப்செட்' அழைக்க மறக்கக் கூடாது. 'ஆப்ஜெக்ட் ஃப்ரீஸ்' செட்டைப் பூட்டாது, அதற்குப் பிறகும் 'ஆட்' வேலை செய்யும். 'ஃபார்ஈச்' தரும் இரண்டாவது மதிப்பு வரிசை எண் அல்ல, அதே மதிப்புதான்.

சர்வரில் நாள்கணக்காக ஓடும் நிரலில் 'ஏற்கெனவே பார்த்தவை' என்று ஒரு செட் வைப்பது வழக்கம். பணம் வாங்கித் தரும் பேமண்ட் கேட்வே ஒரே அறிவிப்பை இரண்டு தடவை அனுப்பினால் ரசீது இரண்டாகாமல் இருக்க இது உதவும். யாரும் நீக்காவிட்டால் செட் வளர்ந்துகொண்டே போய் நினைவகத்தைத் தின்னும். குரோமிலும் நோட்டிலும் ஓடும் வி8 எஞ்சினில் ஒரு செட் ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் மதிப்போடு நின்றுவிடும், அதற்கு மேல் ரேஞ்ச் எரர். வரிசையைக் காக்கும் குணம் இங்கே கைகொடுக்கிறது: அளவு வரம்பைத் தாண்டினால் 'வேல்யூஸ்' தரும் முதல் மதிப்பை நீக்குங்கள், அதுவே மிகப் பழையது. அண்மையில் பயன்பட்டதைத் தக்கவைக்க வேண்டுமானால் 'டிலீட்' செய்து மறுபடி 'ஆட்' செய்யுங்கள், அது கடைசிக்குப் போகும். வெறும் 'ஆட்' மட்டும் செய்தால் பழைய இடத்திலேயே கிடக்கும்.

ஆனாலும் பணமும் பதிவும் சம்பந்தப்பட்ட இடத்தில் செட்டை நம்பி நிற்க முடியாது. இரண்டு நோட் ப்ராசஸ் ஓடினால் இரண்டும் தனித்தனிச் செட் வைத்திருக்கும், ஒன்று பார்த்தது மற்றதற்குத் தெரியாது. மறுதொடக்கம் செய்தால் இரண்டுமே காலி. அங்கே தரவுத்தளத்தில் சாவி உள்ள பத்திக்கு, இரட்டையை ஏற்காத 'யூனிக் இன்டெக்ஸ்' போட்டு, அது மறுக்கும்போது வரும் பிழையைப் பிடித்து "ஏற்கெனவே பதிந்துள்ளீர்கள்" என்று காட்டுங்கள். பதிவேற்றிய கோப்புக்குள்ளேயே இருக்கும் இரட்டைகளைத் தரவுத்தளத்துக்கு அனுப்புமுன் பொறுக்கி, எந்த வரி எதோடு மோதுகிறது என்று ஏற்பாட்டாளரிடம் காட்டும் வேலையைச் செட்டுக்கும் மேப்புக்கும் விடலாம்.