ஹே-ஆன்-வையில் மின்சைக்கிள் வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

இங்கிலாந்தும் வேல்ஸும் முட்டும் எல்லையில் இருக்கும் ஹே-ஆன்-வை ஊரிலிருந்து பிளாக் மவுண்டன்ஸ் மலைகளுக்குள் சென்று திரும்பும் ஒருநாள் சைக்கிள் பயணத்துக்காக, அங்குள்ள ஒரு வாடகை நிறுவனத்தை நம்பிப் பணம் கட்டி நானும் என் மைத்துனரும் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கையாண்ட முறை எந்த மலையூரிலும் நடக்கக்கூடியது என்பதால், கோடையில் அந்தப் பக்கம் போக நினைக்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஹே பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். 1988 முதல் மே மாதக் கடைசியில் நடந்துவரும் இலக்கிய விழாவின்போது அந்தச் சிற்றூர் கூட்டத்தால் பிதுங்கும். ஊருக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் 1962-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. அருகிலுள்ள ரயில் நிலையமான ஹெரிஃபோர்டு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சொந்த சைக்கிளைக் கொண்டுபோவது சிரமம் என்பதால் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்கள். விழாக் காலத்தில் இந்த நிறுவனத்தில் ஒரு சைக்கிள்கூட மிச்சமில்லை என்றார்கள். மராமத்துக்கு ஒதுக்கி வைத்திருக்க வேண்டியவற்றையும் வாடகைக்கு விட்டுவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

நாங்கள் வாங்கியது இருவருக்கும் சேர்த்து 160 பவுண்டுக்கு விற்கப்பட்ட ஒரே தொகுப்பு. முழுதாக மின்னேற்றிய இரண்டு மின்சைக்கிள்கள், வழித்தட வரைபடம், வழியில் எங்கு நின்றுபோனாலும் ஒரு மணி நேரத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும் உதவி வண்டி ஆகியவை அதில் அடக்கம். இதற்கு மேல் 250 பவுண்டை வைப்புத்தொகையாக அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பாதை ஏறத்தாழ 55 கிலோமீட்டர்: ஹேயிலிருந்து காஸ்பெல் கணவாய் ஏறி, மறுபுறம் யூயஸ் பள்ளத்தாக்கில் இறங்கி, லான்தோனி மடத்தின் இடிபாடுகளைக் கடந்து லான்விஹாங்கெல் குருகோர்னி வரை சென்று, அங்கிருந்து எல்லையின் இங்கிலாந்துப் பக்கம் லாங்டவுன், கிராஸ்வால் வழியாக ஊர் திரும்ப வேண்டும். கணவாய் 549 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேல்ஸில் அதைவிட உயரமான தார்ச்சாலைக் கணவாய் கிடையாது. ஊரைவிட்டு வெளியேறியதுமே ஏற்றம் தொடங்கிவிடும். மின்சைக்கிளின் உதவியை நம்பித்தான் பலரும் இந்தச் சுற்றுக்குத் துணிகிறார்கள்.

மரங்கள் முடிந்து, ஆடுகளும் மட்டக் குதிரைகளும் மேயும் திறந்த வெளிக்கு வந்ததும் மைத்துனரின் சைக்கிள் மோட்டார் நின்றது. சற்று நேரம் நிறுத்தி வைத்தால் திரையில் மூன்று கட்டம் மின்சாரம் காட்டும். மேட்டில் மிதித்ததும் ஒரே கட்டமாகச் சரிந்து மோட்டார் அணைந்துவிடும். பேட்டரி பழசாகும்போது உள்மின்தடை கூடுவதால், பாரம் ஏறிய உடனே மின்னழுத்தம் விழுந்து கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரைத் துண்டித்துவிடுகிறது. இப்படிப்பட்ட பேட்டரி கடை வாசலில் சமதளத்தில் ஓட்டிப் பார்க்கும்போது குறையே தெரியாமல் நடிக்கும். அந்தப் பாரமான சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கணவாயை அடைந்தோம்.

இடப்பக்கம் 677 மீட்டர் உயர ஹே பிளஃப், வலப்பக்கம் 690 மீட்டர் உயர டூம்பா. இவற்றுக்கு நடுவே நின்று கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கிருந்து ஹேக்குத் திரும்புவது வெறும் இறக்கம். உருண்டே போய்ச் சேர்ந்திருக்கலாம். திரும்பிவிடுகிறோம், வேறு பேட்டரி தாருங்கள் என்றுதான் நானும் சொன்னேன். எதிர்முனையில் பேசியவரோ திரும்ப வேண்டாம் என்றும், எங்கள் வண்டி அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது என்றும், நேரே லான்தோனிக்கு இறங்கினால் பன்னிரண்டு மணிக்குள் புதிய பேட்டரியோடு ஆள் நிற்பார் என்றும் தெளிவாகச் சொன்னார். அந்த வாக்கை நம்பி மலையின் மறுபக்கம் இறங்கினோம்.

அந்த இறக்கத்தில் என் சைக்கிளின் குறை வெளிப்பட்டது. கார் ஒன்று வந்தாலே ஒதுங்க இடம் தேட வேண்டிய ஒற்றைத் தடச் சாலை அது; இருபுறமும் உயரமான வேலி, நடுவில் சரளை. பின்பிரேக்கை அழுத்த அழுத்தப் பிடி ஹேண்டில்பாரையே தொட்டது, இரும்போடு இரும்பு உரசும் கீச்சொலி கேட்டது, வேகம் மட்டும் குறையவில்லை. முன்பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, கேப்பல்-அ-ஃபின் தேவாலயத்தருகே நிறுத்திக் குனிந்து பார்த்தேன். பிரேக் பேடில் உராய்வுப் பூச்சே இல்லை. அதைத் தாங்கும் தகடுதான் சக்கரத்தோடு சுழலும் பிரேக் வட்டின்மேல் தேய்ந்துகொண்டிருந்தது. மழையோ சேறோ இல்லாத ஒரு காலைப் பொழுதில் நல்ல பேட் அந்த நிலைக்கு வராது. அங்கேயே படம் எடுத்து வைத்தேன்.

லான்தோனியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அகஸ்தீனியத் துறவிகள் எழுப்பிய மடம் அது, கூரை போய், வளைவுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, கட்டணம் இல்லை. வேறு எந்த நாளிலும் அதை ரசித்திருப்பேன். பள்ளத்தாக்கில் கைப்பேசிக்குச் சிக்னலே கிடைக்கவில்லை. அங்கிருந்த ஒருவரிடம் கேட்டு அவருடைய தரைவழித் தொலைபேசியில் மீண்டும் அழைத்தபோது, வண்டி காலையிலேயே பிரெக்கனுக்குப் போய்விட்டது, மாலைக்கு முன் வராது என்றார்கள். பேட்டரி தீர்ந்துபோவது நிபந்தனைகளின்படி பழுது ஆகாது, ஆகவே உதவி வண்டி தர வேண்டிய கட்டாயமும் தங்களுக்கு இல்லை என்று அடுத்து ஒரு விளக்கம் வந்தது. காலையில் கணவாயில் நின்று பேசியபோது இந்த நிபந்தனை அவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும். வேறு வழியின்றி அபர்கவெனியிலிருந்து சைக்கிள் ஏற்றக்கூடிய டாக்சியை வரவழைத்து, 95 பவுண்டு கொடுத்து ஹே வந்து சேர்ந்தபோது கடை மூடியிருந்தது.

இரண்டு நாள் கழித்து வைப்புத்தொகையில் 100 பவுண்டு மட்டும் திரும்பி வந்தது. தாமதமாக ஒப்படைத்ததற்கு 60 பவுண்டும், பின்பிரேக் வட்டில் கீறல் விழுந்ததற்கு 90 பவுண்டும் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய தேய்ந்த பேட் கீறிய வட்டுக்கு நான் விலை கொடுக்க வேண்டுமாம். அவர்கள் அனுப்பாத வண்டிக்காகக் காத்திருந்த நேரத்துக்கு அபராதமும் கட்ட வேண்டுமாம்.

இந்த நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் விற்பனைக்கு மட்டுமின்றி வாடகைக்கும் பொருந்தும். தரப்படும் பொருள் திருப்தியான தரத்தில், சொன்ன நோக்கத்துக்கு உதவுவதாக இருக்க வேண்டும். அதன் 50-ஆம் பிரிவு எங்களுக்கு இன்னும் முக்கியமானது: சேவை பற்றி வணிகர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வாடிக்கையாளர் ஒரு முடிவெடுத்தால், அது ஒப்பந்தத்துக்குப் பின் எடுத்த முடிவாக இருந்தாலும், அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். கணவாயில் பேசிய அழைப்பின் நேரமும் நீளமும் என் கைப்பேசியில் பதிவாகியிருப்பதால் அதையே முதல் சான்றாக வைத்திருக்கிறேன். கடன் அட்டையில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்கு மிகாத விலையுள்ள கொள்முதலுக்கு, 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி வங்கியும் சேர்ந்தே பொறுப்பாகும். இருவருக்குத் தனித்தனியாக 80 பவுண்டு என்று ரசீது போட்டால் இந்தப் பாதுகாப்பு கைநழுவக்கூடும். ஆகவே ரசீது எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். டெபிட் அட்டைக்கு இந்தச் சட்டம் இல்லை. வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கோரும் வழக்கமான முறை மட்டுமே உண்டு.

கடை வாசலிலேயே இரண்டு பிரேக் பிடிகளையும் முழு வலுவோடு அழுத்திப் பாருங்கள். கைப்பேசி விளக்கை அடித்துப் பேடின் கனத்தையும் வட்டின் மேற்பரப்பையும் படம் எடுங்கள். பேட்டரியைச் சமதளத்தில் சோதிக்காதீர்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள், அதற்கு ஹேயில் பஞ்சமில்லை. உதவி வண்டி என்று சொன்னால் எத்தனை வண்டி, இன்று யார் ஓட்டுகிறார், பேட்டரி தீர்ந்தாலும் வருமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். பாதி வழியில் பழுது வந்து, தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும், உதவி கண்ணெதிரே வந்து நிற்கும்வரை கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்காதீர்கள்.

பிடித்து வைத்த 150 பவுண்டைப் படங்களைப் பார்த்த வங்கி மீட்டுக் கொடுத்துவிட்டது. வாடகையில் பாதியைத் தருவதாகவும், அதற்கு ஈடாக நான் இதுபற்றி எங்கும் எழுதக் கூடாது என்றும் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை ஏற்கவில்லை. முழு வாடகையையும் டாக்சிச் செலவையும் பதினான்கு நாளுக்குள் தராவிட்டால் சிறு தொகை வழக்கு தொடுப்பேன் என்று கடிதம் அனுப்பியிருக்கிறேன். கெடு அடுத்த வாரம் முடிகிறது.