போன்சாய் மண்ணில் பூனை மணல்: சுட்டதா, வெறுமனே உலர்த்தியதா?

போன்சாய் மண் என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அகடாமா. எரிமலைச் சாம்பல் சிதைந்து உருவான இந்த உருண்டை மண்ணை ஜப்பானின் தொச்சிகி மாகாணத்துக் கனுமா வட்டாரத்தில் தோண்டி, உலர்த்தி, சலித்து, பையிலிட்டு விற்கிறார்கள். ஜப்பானுக்கு வெளியே இதன் விலையில் பெரும்பகுதி கப்பல் கூலிதான். அதனால் இங்கிலாந்துக்காரர்கள் வீட்டுப் பூனை மலசலம் கழிக்கும் தட்டில் பரப்பும் கேட் லிட்டர் மணலுக்கு மாறினார்கள். அமெரிக்கர்கள் வண்டிப் பட்டறையில் சிந்திய எண்ணெயை உறிஞ்சத் தூவும் துகள்களையும், பேஸ்பால் மைதானத்தில் பரப்பும் சுட்ட களிமண்ணையும் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அகடாமா பையின் காசுக்கு இவற்றில் சில பைகள் கிடைக்கும்.

மாற்று நல்ல மாற்றுதான். சிக்கல் என்னவென்றால், கடையில் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி உறையில் இருக்கும் இந்தத் துகள்கள் ஒரே பொருள் அல்ல. ஒன்று மரத்தைப் பல ஆண்டு தாங்கும். பக்கத்துப் பையில் இருப்பது ஒரே வாரத்தில் வேரை மூச்சுத்திணற வைக்கும். பையில் உள்ள கனிமம் எது, அது சூளையில் சுடப்பட்டதா, இல்லை வெறுமனே உலர்த்தப்பட்டதா என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் வாங்கக் கூடாது.

முதலில் ஒதுக்க வேண்டியவை

நம் ஊர்க் கடைகளில் கேட் லிட்டர் என்று கிடைப்பதில் பெரும்பாலானது பென்டோனைட் என்ற களிமண். நனைந்தால் கட்டியாகும் என்று பையிலேயே பெருமையாகப் போட்டிருக்கும். பூனைக்கு வசதியான அந்தக் குணமே மரத்துக்கு எமன். சோடியம் பென்டோனைட் நீரைக் குடித்துப் பல மடங்கு உப்பி, துகள்களுக்கு இடையே காற்றுக்கு இருந்த வழியையெல்லாம் அடைத்துவிடும். ஒரு கைப்பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் களி கிண்டியதுபோல ஆகிவிடும். "கொஞ்சம் கலந்தால் ஈரம் நிற்குமே" என்பதும் வேண்டாம். பத்தில் ஒரு பங்கு கலந்தாலே அது கரைந்து கீழே இறங்கி, வடிகால் துளை வலையில் படிந்துவிடும்.

கண்ணாடிச் சில்லு போன்ற சிலிக்கா ஜெல், மரத்தூள் குச்சி, காகித உருண்டை ஆகியவையும் கூடாது. மரத்தூளும் காகிதமும் மட்கும்போது நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், துகளாகவும் நிற்காது. வாசனை சேர்த்தது எந்த வகையானாலும் தவிர்க்கவும்.

சுட்ட டயட்டமைட்

மலிவான உறிஞ்சு துகள்களில் முதலிடம் இதற்குத்தான். டயட்டம் என்பது சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசி. அந்த ஓடுகள் ஏரியிலும் கடலிலும் படிந்து படிந்து உண்டான மண்தான் டயட்டமைட். ஒவ்வோர் ஓட்டிலும் நுண்துளைகள் இருப்பதால் துகளுக்குள்ளேயே நீர் நிற்கிறது. சூளையில் சுட்டால் ஓடுகள் ஒன்றோடொன்று இறுகி, நனைந்தாலும் கரையாத துகள் கிடைக்கிறது. டென்மார்க்கின் லிம்ஃபியோர்ட் நீர்ப்பரப்பில் உள்ள ஃபூர், மோர்ஸ் தீவுகளில் கிடைக்கும் மோலர் மண்ணும் இந்த வகைதான். அதில் இயற்கையாகவே களிமண் கலந்திருக்கும்.

இங்கிலாந்தில் டெஸ்கோ பேரங்காடி விற்ற இளஞ்சிவப்பு நிற இலேசான கேட் லிட்டரும், அமெரிக்காவில் நாபா என்ற வாகன உதிரிபாகக் கடைகளின் 8822 எண் ஃப்ளோர் டிரை துகளும் போன்சாய்க்காரர்கள் நடுவில் பெயர் பெற்றது இதனால்தான். ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. சுரங்கமோ ஆலையோ மாறினால் உறை அதேபடி இருக்க, உள்ளே இருப்பது மாறிவிடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சோதிப்பதே சரி.

இதன் குறைகள் மூன்று. முதலாவது, எடை குறைவு. புதிதாக மாற்றி நட்ட மரம் காற்றில் ஆடும், முளைவிடும் இளவேர் அறுந்துபோகும். தொட்டியின் அடித்துளை வழியாகக் கம்பி கொடுத்து வேர்ப்பந்தை இறுக்கிக் கட்டியே ஆக வேண்டும். இரண்டாவது, மேல்துகள் காய்ந்து வெளிறிய பிறகும் உள்ளே ஈரம் இருக்கும். நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தை அழுகவிடுவது இங்கேதான். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகி வைத்து, உருவிப் பார்த்து ஊற்ற வேண்டும். மூன்றாவது குறை துகள் அளவு. அதைப் பிறகு பார்ப்போம்.

சுட்ட களிமண்

அமெரிக்க மைதானங்களில் போடும் டர்ஃபேஸ் இந்த வகை. நன்றாகச் சுட்டதால் கரையாது. உரச் சத்தைப் பிடித்து வைக்கும் திறனும் நன்று.  குறை அதன் வடிவத்தில் இருக்கிறது. துகள்கள் தட்டையான சில்லுகளாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அடர்ந்துவிடும். தனியாகப் பயன்படுத்தினால் ஆழமற்ற தட்டில் ஈரம் தங்கிவிடும். பியூமிஸ் (துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக் கல்) அல்லது லாவா கல்லோடு மூன்றில் ஒரு பங்காகப் போட்டால் சரியாக இருக்கும்.

எண்ணெய் உறிஞ்சி என்று விற்கும் களிமண்ணில் இரண்டு தரம் உண்டு. குறைந்த சூட்டில் உலர்த்தியது நீரில் சேறாகும். அதிகச் சூட்டில் சுட்டது நிற்கும். பையில் எழுதியிருப்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

நம்மிடம் இருக்கும் செங்கல்

தமிழ்நாட்டில் போன்சாய் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் போடுவது உடைத்த செங்கல். அதுவும் சுட்ட களிமண்தான், ஆனால் உறிஞ்சு துகளுக்கு நேர்மாற்று அல்ல. இந்தியத் தர விதிப்படி சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது. கட்டடத்துக்கு நல்லதான அந்த விதி வேருக்குப் பாதகமாகிறது. ஒரு லிட்டர் செங்கல் துகள் தோராயமாக ஒரு கிலோ. அது உள்ளே வைத்திருக்கும் நீர் 150 முதல் 200 மி.லி. ஒரு லிட்டர் சுட்ட டயட்டமைட் அரைக் கிலோதான், ஆனால் தன் எடைக்கு ஏறக்குறைய சமமான நீரைத் தாங்கும். அதாவது செங்கலைப்போல இரண்டு மூன்று மடங்கு. சித்திரை வெயிலில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் போய்விடுவதும் மாலைவரை நிற்பதும் இந்த வித்தியாசத்தால்தான்.

ஆகவே செங்கலை வடிகாலுக்கும் எடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அரைவேக்காட்டுக் கல் சிவப்புச் சேறாகும்; மிகையாகச் சுட்டுக் கறுத்துக் கண்ணாடியான கல் நீரே குடிக்காது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும், கறுக்காத கல்லைத் தேர்ந்தெடுத்து, நனைத்த சாக்கின் அடியில் வைத்து உடைத்து, கழுவிப் பயன்படுத்துங்கள். இடித்த வீட்டுக் கல் வேண்டாம். ஒட்டியிருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பும் காரத்தன்மையை ஏற்றும். இட்லிப்பூ (வெட்சி) போன்ற செடிகளில் புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

அகடாமாவுக்கு இன்னும் எங்கே இடம்

அகடாமா மென்மையானது. வேர் துகளையே துளைத்துக்கொண்டு போவதால் நுண்வேர் பிரிந்து பிரிந்து வளரும். டயட்டமைட் துகளை வேர் சுற்றித்தான் போகும். வடிவம் முடிந்து, சிறிய தட்டில் நிலைத்துவிட்ட விலைமதிப்புள்ள மரத்துக்கு அந்த வேர் நயம் செலவுக்கு ஈடானது. ஆனால் மென்மைக்கு ஒரு விலை உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது நொறுங்கித் தூளாகும். உறைபனி உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். தண்டு பருக்கவும் கிளை விடவும் பெரிய தொட்டியில் வளரும் மரத்துக்கு அகடாமா போடுவது வீண்செலவு. அங்கே டயட்டமைட்டே போதும், மறுநடவின்போது கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

கண்ணாடி டம்ளரில் ஒரு கைப்பிடி துகளைப் போட்டு, நிறைய நீர் ஊற்றி இரண்டு நாள் அப்படியே வைக்கவும். பிறகு ஒரு துகளை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே அழுத்தித் தேய்க்கவும். வழுவழுவென்று சேறாகப் பிசைந்தால் பை பூனைக்கே. நின்றால், நனைந்த துகளை ஃபிரீசரில் இரவு முழுதும் உறைய வைத்துப் பகலில் இளக விடவும். ஐந்தாறு முறை இப்படிச் செய்தும் டம்ளரின் அடியில் சேற்றுப் படலம் சேராவிட்டால் அந்தத் துகள் தொட்டியில் பல ஆண்டு நிற்கும். நம் ஊரில் பனி உறையாது என்றாலும், பல ஆண்டுத் தேய்மானத்தைச் சில நாளில் காட்டும் சோதனை இது.

சலிப்பும் கலவையும்

பெரும்பாலானோர் தவறும் இடம் சலிப்பு. எந்தத் தொட்டியானாலும் வடிந்த பிறகு அடியில் ஓர் ஈர அடுக்கு தங்கும். துகள் சிறிதாகச் சிறிதாக அந்த அடுக்கு உயரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தூள் நிறைந்தால் ஐந்து செ.மீ. ஆழத் தட்டில் காற்றுக்கு இடமே இருக்காது. தேவை 2 முதல் 5 மி.மீ. துகள். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையின் கண் ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதில் சலித்தால் மோசமான தூளாவது போய்விடும். ஃப்ளோர் டிரை போன்ற பைகளில் கால்வாசிக்கு மேல் கழிவாகப் போகலாம், விலைக்கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழித்த தூளைத் தோட்டப் பாத்தியில் கொட்டலாம்.

சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். டயட்டமைட்டைச் சுடும்போது கிரிஸ்டோபலைட் என்ற படிக சிலிக்கா உண்டாகிறது. அதன் தூசு மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலிலும் இருக்கிறது. துணிக் கவசம் போதாது, என்95 வேண்டும். துகளை முதலில் தண்ணீர் தெளித்துப் பிசறி, திறந்த வெளியில் சலிக்கவும்.

கலவையை எடையால் அல்ல, கொள்ளளவால் அளக்கவும். ஆல், அத்தி, இச்சி போன்ற மரங்களுக்கு டயட்டமைட் இரண்டு பங்கு, செங்கல் அல்லது லாவா ஒரு பங்கு. ஜூனிப்பருக்கு டயட்டமைட் ஒரு பங்கு, பியூமிஸ் ஒன்று, லாவா ஒன்று. 30 × 20 × 5 செ.மீ. தட்டுக்கு மூன்று லிட்டர் கலவை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் திறந்த மாடியில் நிற்கும் மரமானால் டயட்டமைட்டை ஒரு பங்காகக் குறைத்துச் செங்கலை இரண்டாக்குங்கள். நடுவதற்கு முன் துகளை நனைத்து வைத்தால் முதல் தண்ணீரில் மிதந்து வழியாது.

இந்தத் துகள் எதிலும் சொல்லும்படியான உணவு இல்லை. மாற்றி நட்டுப் புதுத்தளிர் விட்ட பிறகு, வாரம் ஒருமுறை திரவ உரத்தைப் பையில் சொன்னதில் பாதி அடர்த்தியில் கொடுக்க வேண்டும்.