வயிற்று ஆபரேஷன் புண்: தினசரிக் கட்டா, வேக் மெஷினா?

அம்மாவுக்கு வயிற்றுத் தையல் ஒரு பக்கம் விட்டுப்போனபோது எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். சேலைனில் நனைத்த கோஸ் துணியை வைத்துக் கட்டுவது ஒன்று. புண்ணுக்குள் ஸ்பொஞ்ச் வைத்து மெஷினால் உறிஞ்சவிடும் வேக் மற்றது. நாங்கள் வேக் எடுத்தோம், அதனால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

எதுவானாலும், உள்ளே தசைப்படலம் பிரியவில்லை என்று டொக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரிந்திருந்தால் பெரும்பாலும் திரும்ப ஆபரேஷன் தியேட்டர்தான். இளஞ்சிவப்புத் தண்ணீர் திடீரென்று கட்டை நனைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சீனி வருத்தக்காரர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான்.

கோஸ் மலிவு. ஆனால் பெரும்பாலும் தினம் மாற்றணும். பக்கத்திலேயே தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தால் சரி. எங்கள் டிவிஷனில் இல்லை. லயத்திலிருந்து படி இறங்கி, மழையில் ஹட்டன் பஸ்ஸுக்கு நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டே திரும்ப மேடு ஏறவேண்டும். எங்களுக்கு முடிவைச் சொன்னது இந்த அலைச்சல்தான்.

வேக் கட்டை 2, 3 நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் உறிஞ்சும், கசிவு டப்பாவில் சேரும். செலவு அதிகம்தான், ஸ்பொஞ்சும் டப்பாவும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். வயிற்று மடிப்பில், புண்ணை மூடும் ஒட்டுத்தாள் கொஞ்சம் கிளம்பினாலும் மெஷின் கத்தும். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். ஆனால் மெஷின் 2 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் ஸ்பொஞ்சை எடுத்துச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும். அதை யார் செய்வார்கள் என்று வீட்டுக்கு வருமுன்பே கேட்டுவையுங்கள். எங்கள் நர்ஸ் மிஸ்ஸி எத்தனை துண்டு ஸ்பொஞ்ச் வைத்தார் என்று ஒட்டுத்தாள்மேல் பேனாவால் எழுதிவிடுவார், எடுக்கும்போது ஒன்றும் உள்ளே தங்கிவிடாமல் இருக்க.

ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் 507 பேரிடம் செய்த ஆய்வு 2020இல் ஜாமா சர்ஜரி என்ற மருத்துவ இதழில் வந்தது. 42 நாளுக்குள் புண் மூடியவர்கள் வேக்கில் 100க்கு சுமார் 36 பேர், சாதாரணக் கட்டில் சுமார் 22 பேர். ஆனால் புண் சார்ந்த தொல்லைகள் வேக்கில்தான் கூடுதல். செத்த சதை கிடக்கும் புண்ணுக்கும் புற்றுநோய்ப் புண்ணுக்கும் வேக் போடமாட்டார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை குடிப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவத் தேன் கட்டை நாங்கள் போட்டுப் பார்த்ததில்லை. புண் சுத்தமானதும் திரும்பத் தைப்பதும் உண்டு. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை, அதனால் அதைப் பற்றி டொக்டரிடமே கேளுங்கள்.