அப்பாவின் மூன்று கியர் ஹப், என் எட்டு கியர் ஹப்: ஊரில் கிடைத்த சைக்கிள் சர்வீஸ்

அப்பாவின் ராலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தின் நடுவில், கியர்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஹப்பில் அப்பியிருந்த அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கம்பெனிப் பெயர், ஏ.டபிள்யூ. என்ற மாடல் பெயர், அதன் பக்கத்தில் 58. அந்தக் கம்பெனி தயாரித்த ஆண்டை ஹப்பின் மேலேயே பொறித்துவிடும். 1958இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த ஹப் இது. அப்பா வாங்கியபோதே இரண்டாம் கை. ஏழெட்டு வருடமாகக் கியர் மாறவில்லை என்று ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்.

ஜெர்மனியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். வருவதற்கு முன்பே இதைச் சரி செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். என் சைக்கிளையும் பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்திருந்தேன். அதில் இருப்பது ஷிமானோ நெக்ஸஸ் எட்டு கியர் ஹப். ஆக, இரண்டு ஹப்புக்கும் ஊரில் வேலை வந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு சைக்கிள் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும், வீட்டில் பழைய கியர் சைக்கிள் ஒன்று தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் போனது கண்ணாடி போட்ட புதிய சைக்கிள் ஷோரூம். பணிவாகத்தான் பேசினார்கள். ஆனால் ஹப்பைப் பார்த்ததும், "இதைக் கழற்றிப் போட்டுட்டு சாதா பிரீ வீல் மாட்டிடலாம் சார்" என்றார்கள். இதையே ஜெர்மனியில் நான் வழக்கமாகப் போகும் கடையிலும் வேறு வார்த்தையில் சொன்னார்கள்: உள் பாகத்தை மொத்தமாக மாற்றுவோம், பிரித்துப் பார்க்க மாட்டோம் என்று. இரண்டு நாட்டிலும் பதில் ஒன்றுதான். அறுபது வருடம் தாங்கிய இரும்பை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதாகப் போனது மரத்தடியில் ஓவராயிலிங் செய்யும் ஒரு பெரியவரிடம். அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் சக்கரத்தைக் காதோரம் பிடித்து மெல்லச் சுற்றினார். டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். "உள்ளே கொக்கி ஒட்டிக்கிட்டு இருக்கு தம்பி. உடையல. பிரிச்சுப் பாத்துடலாம்" என்றார். இந்த ஹப்பைக் கடைசியாக எப்போது பிரித்தீர்கள் என்று கேட்டேன். அவர் மாமாவிடம் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் பிரித்தாராம். அது போதும் என்று தோன்றியது.

மறுநாள் காலை உட்கார்ந்தோம். இந்த வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலப்பக்கம் ஹப் உறைக்குள் திருகியிருக்கும் பால் ரிங்குக்கு, அதாவது பேரிங் குண்டுகள் ஓடும் வளையத்துக்கு, இரட்டைப் புரி. திரும்ப மாட்டும்போது அது இரண்டு இடங்களில் புரி பிடிக்கும். முன்பு பிடித்த இடத்தில் பிடிக்காவிட்டால் ரிம்மில் கோட்டம் விழலாம். நான் இதைப் படித்து வைத்திருந்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் சாக்பீஸை எடுத்து ரிங்கிலும் அதன் நேரே இருந்த ஸ்போக்ஸிலும் கோடு போட்டுவிட்டார். அப்புறம்தான் உளியை ரிங்கின் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டினார். நாலாவது தட்டில் ரிங் அசைந்தது. இடப்பக்கக் கோனை, அதாவது பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டை, கழற்றிவிட்டு, வலப்பக்கமாக மொத்த உள் பாகத்தையும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். கருப்புப் பசை போல் எண்ணெய் உறைந்திருந்தது. எங்கும் துரு இல்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது பற்சக்கரங்கள் பளபளவென்று வந்தன. நடுவில் அச்சோடு ஒன்றாகவே இருக்கும் சூரியச் சக்கரத்துக்கு 20 பல். அதைச் சுற்றி வரும் நான்கு கோள் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 பல். எல்லாவற்றையும் அணைத்து நிற்கும் வெளி வளையத்தின் உட்புறத்தில் 60 பல். இந்த ஹப்பின் கணக்கு முழுவதும் இந்த எண்களில் அடங்கிவிடுகிறது. கோள் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் கூட்டை மிதித்து, வளையத்தின் வழியாக விசையை வெளியே எடுத்தால் 1 கூட்டல் 20/60. அதாவது செயின் பல்சக்கரம் மூன்று சுற்று சுற்றும்போது சக்கரம் நான்கு சுற்று சுற்றும். அதுதான் மேல் கியர். வளையத்தை மிதித்துக் கூட்டின் வழியாக எடுத்தால் அப்படியே தலைகீழ், நான்குக்கு மூன்று. அது ஏற்றத்துக்கான கியர். நடுக் கியரில் பற்சக்கரங்களுக்கு வேலையே இல்லை, நேராக ஒன்றுக்கு ஒன்று. அண்ணன் வளையத்தைக் கையில் பிடித்துக் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வெள்ளைக்காரன் கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

பழுது இருந்தது கொக்கிகளில். சாதா பிரீ வீலுக்குள் இருப்பது போலவே இதற்குள்ளும் சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. அவற்றைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தலைமுடி மாதிரி மெல்லியது. பழைய எண்ணெய் இறுகிக் கொக்கிகள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. ஸ்பிரிங், கியர் கம்பி, அச்சுக்குள் போகும் சின்னச் சங்கிலி மூன்றையும் நான் ஜெர்மனியிலேயே வாங்கி வந்திருந்தேன். இந்த ஹப்பைச் செய்த கம்பெனியை 2000இல் தைவானின் சன்ரேஸ் வாங்கிவிட்டது. பழைய ஹப்புக்கான பாகங்களைத் தேடினால் இன்றும் பிடித்துவிடலாம்.

மாட்டும்போது வலக் கோனை விரலால் இறுகும் வரை திருகி, அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்னால் எடுத்து லாக் செய்தார். சக்கர ஆட்டத்தை இடக் கோனில்தான் சரி செய்ய வேண்டும். வலக் கோனைத் தொட்டால் கியரே கெடும். ஊரில் பழுதான பல ஹப்புகள் இப்படித்தான் பழுதாகியிருக்கும் என்று நினைக்கிறேன். சாதா சக்கரத்துக்கு எந்தப் பக்கக் கோனை இறுக்கினாலும் ஒன்றுதானே என்று யாராவது வலப்பக்கம் ஸ்பேனர் போட்டிருப்பார்கள். எண்ணெய் ஊற்ற ஹப்பின் மேல் ஒரு மூடி இருக்கிறது. அதில் மெல்லிய இயந்திர எண்ணெய் மட்டும். கிரீஸை உள்ளே திணித்தால் கொக்கிகள் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

கியர் கம்பியை அமைக்கும் முறை சுலபம். லீவரை இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கும் ஓட்டை வழியே பார்க்க வேண்டும். அச்சுக்குள் சங்கிலியோடு சேரும் சின்னக் கோலின் தோள், அதாவது சங்கிலி ஆரம்பிக்கும் விளிம்பு, அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அவ்வளவுதான். இதில் கொஞ்சம் பிசகினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், கியர்களைப் பிடித்து இணைக்கும் கிளட்ச் எதையும் பிடிக்காமல் நிற்கும். மிதி வெறுமையாகச் சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் அப்படி ஆனால் ஆள் விழுவது நிச்சயம். அப்பாவுக்குப் பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. சைக்கிளை அவர் ஓரங்கட்டியதற்கு அதுதான் காரணம் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுபது வயதுக்கு மேல் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் கம்பியை அமைத்ததும் பாலத்தில் நானே மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தேன்.

சரி, என் சைக்கிளுக்கு வருகிறேன். விமானத்துக்காகப் பின்சக்கரத்தைக் கழற்றிக் கட்டிக் கொடுத்தது ஜெர்மனியில் ஒரு கடை. ஊரில் பெட்டியைப் பிரித்தபோது அச்சின் வலப்பக்கத்துக்கான சுழல்தடை வாஷரைக் காணோம். பார்க்க அற்பமான தகடு, ஆனால் அது இல்லாமல் ஓட்டக் கூடாது. ஹப்புக்குள் கியர் வேலை செய்யும்போது அச்சையும் சேர்த்துத் திருகப் பார்க்கும் விசை பெரியது. அந்த வாஷரின் நாக்கு ஃபிரேமின் பிளவுக்குள் உட்கார்ந்து அச்சை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. ஃபிரேமின் பிளவு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்குத் தக்க எண்ணும் நிறமும் வாஷருக்கு உண்டு. வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு வேறு. கடைக்காரர் கவனமாக ஒரு பையில் போட்டுக் கட்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் கவனக்குறைவு எனக்கு இன்னும் வருத்தம்தான்.

தபாலில் வரவழைத்தால் நான் திரும்பிய பிறகுதான் வந்து சேரும். அண்ணன் என்னை ஒரு லேத் பட்டறைக்கு அழைத்துப் போனார். இடப்பக்க வாஷரைக் காட்டினோம். பட்டறைக்காரர் அதை வெர்னியரில் அளந்தார். வலத்துக்கு நாக்கு எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்று ஃபிரேமையும் அச்சையும் வைத்துத் தாளில் வரைந்துகொண்டார். எஃகுத் தகட்டில் துளை போட்டு, மீதியை அரத்தால் ராவினார். இரண்டு முறை அச்சில் போட்டுப் பார்த்தார், மூன்றாவது முறை தட்டாமல் உட்கார்ந்தது. மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஜெர்மனியில் இப்படி ஒரு தகட்டை ராவிக் கொடுக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த ஒரு சேவைக்காகவே ஊர்ப் பட்டறைகளை நான் மனதாரப் பாராட்டுவேன். அதே வாஷரோடுதான் மூன்று வாரமும் ஓட்டினேன், அச்சு இம்மியும் நகரவில்லை.

நெக்ஸஸ் ஹப்பில் கியர் சரி செய்யும் முறையை அண்ணனுக்குக் காட்டினேன். நாலாம் கியரில் வைத்தால் ஹப்பின் ஓரத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். அவை நேருக்கு நேர் நிற்கும்படி கம்பியின் திருகை இறுக்கவோ தளர்த்தவோ செய்ய வேண்டும். புதுக் கம்பி போட்டால் உறையின் முனையிலிருந்து பிடிப்புப் போல்ட் வரை 101 மில்லிமீட்டர். இந்த எண்ணை அவர் தன் கணக்கு நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டார். எட்டு கியரில் ஐந்தாவது நேர் கியர், மொத்த விரிவு, அதாவது மிகக் கீழ்க் கியருக்கு மிக மேல் கியர் எத்தனை மடங்கு என்பது, 307 சதவீதம் என்றதும், "அப்பா வண்டியில எவ்வளவு?" என்று கேட்டார். நான்குக்கு மூன்றும் மூன்றுக்கு நான்கும் சேர்ந்தால் 178 சதவீதம் வரும். சமதரையில் அதுவே தாராளம் என்பது அவர் கருத்து, நானும் ஒப்புக்கொள்கிறேன்.

டயர் விஷயத்தில் நான் தவறு செய்துவிட்டேன். 28 அங்குலம் என்று பார்த்து அப்பாவின் சைக்கிளுக்கு ஜெர்மனியில் ஒரு ஜோடி நல்ல டயர் வாங்கி வந்தேன். அங்கே 28 என்றால் ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 இன்ட்டு ஒன்றரைக்கு அது 635. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த நெம்புகோலாலும் இழுத்து ஏற்ற முடியாது. அங்குலத்தை நம்பாமல் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். 635 டயர் ஊரில் எந்தச் சைக்கிள் கடையிலும் கொக்கியில் தொங்குகிறது, சுமந்து வரத் தேவையே இல்லை.

வால்வில் மட்டும் நல்லது நடந்தது. நம் ஊர் டியூபின் வால்வும் ஜெர்மன் வீட்டுச் சைக்கிள்களில் இருக்கும் வால்வும் ஒரே வகைதான். அங்கே ரப்பர்க் குழாய் இல்லாத உள் முள் கிடைக்கிறது. காற்றடிக்க லேசாக இருக்கும், ரப்பர் கிழிந்து காற்று இறங்கும் தொல்லையும் இல்லை. பத்து வாங்கி வந்தேன், அத்தனையும் தெருவிலேயே செலவாகிவிட்டது. என் சைக்கிளில் மெல்லிய பிரெஞ்சு வால்வு. அதற்குப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்ததால்தான் கடைப் பம்பில் காற்றடிக்க முடிந்தது.

விளக்கு கொண்டுவருபவர்களுக்கு ஒன்று. தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். மின்சைக்கிளின் பெரிய பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே விட மாட்டார்கள். அப்பாவின் பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட். ஜெர்மன் டைனமோ விளக்குகளுக்கும் அதே அளவுதான். அதனால் ஒரு எல்.இ.டி. முன்விளக்கு வாங்கி வந்து கம்பியை மாட்டினேன். மெதுவாக மிதித்தாலே சாலை தெரிகிறது. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, பெல் எதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். ஊரில் கிடைக்கும் இரும்புக் கேரியர் ஒரு மூட்டை நெல்லைச் சுமக்கும் பலம் உடையது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை அப்பா பாலத்தின் மேல் ஒற்றைக் கையால் லீவரை இழுத்துக் கீழ்க் கியருக்கு மாற்றி, உட்கார்ந்தபடியே ஏறிப் போனார். நான் பின்னால் எட்டு கியரோடு போனேன். திரும்பும் வழியில் அண்ணனிடம் நிறுத்தி, மீதியிருந்த நாலு கொக்கி ஸ்பிரிங்கையும் ஒரு சங்கிலியையும் கொடுத்தேன். தீப்பெட்டி ஒன்றைக் காலி செய்து அவற்றை உள்ளே போட்டு, மேலே பேனாவால் "மூணு கியர்" என்று எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தார். பக்கத்துத் தெருவில் இதே மாதிரி இன்னும் இரண்டு சைக்கிள் நிற்கிறதாம்.