தண்டர்பேர்டின் ஐகான்களை மாற்றுவது: எந்த வழி உழைக்கும்?

என் மாமனாருக்கு 73 வயது. காலைக் காபிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் தண்டர்பேர்டில்தான் கழியும். 2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு (1.0) வந்த மின்னஞ்சல் நிரல் அது. அதன் பழைய வண்ண வண்ணமான ஐகான்களை இன்னும் நினைவில் வைத்திருப்பவர். கண்புரை அறுவைக்குப் பிறகு ஒரு நாள் என்னை அழைத்தார். ‘மாப்பிள்ளை, எல்லாம் ஒரே கம்பி வேலையாகத் தெரிகிறது. எது பதில், எது ஃபார்வர்டு என்று தேட வேண்டியிருக்கிறது’ என்றார்.

இப்போதுள்ள கோட்டோவிய ஐகான்களில் தவறு ஒன்றும் இல்லை. எஸ்விஜி வடிவில் வரையப்பட்டவை என்பதால் திரை எவ்வளவு பெரிதானாலும் மங்குவதில்லை. நிறத்தைத் தீம் என்ற தோற்ற அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்வதால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகவும் கறுப்புப் பின்னணியில் வெளுப்பாகவும் மாறிக்கொள்கின்றன. ஆனால், உருவத்தைவிட நிறத்தை வைத்துப் பழகிய கண்ணுக்கு இந்த நியாயங்கள் சோறு போடாது.

முதலில், எதையும் உடைக்காமல் செய்யக்கூடியவற்றைச் செய்துவிடுங்கள். 115ஆம் பதிப்பு முதல் மேல் பட்டையில் ஐகானுக்குப் பக்கத்திலேயே எழுத்தையும் காட்டச் சொல்லலாம். 78ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனி நிறம் கொடுக்கலாம். வலது சொடுக்கில் பண்புகளுக்குப் போனால் போதும். பாதிப் பேருக்கு இதுவே தீர்வு. மாமனார் மீதிப் பாதியைச் சேர்ந்தவர்.

அதற்கு மேல் போக மூன்று வழிகள் இருக்கின்றன. ஆம்னி என்ற பெயரில் நிரலுக்குள் இருக்கும் மூட்டையைப் பிரித்துப் படங்களை நேரடியாக மாற்றுவது ஒன்று. யாராவது செய்து வைத்த நீட்சியை (நிரலோடு சேரும் துணை நிரல்) நிறுவுவது இன்னொன்று. தோற்ற விதிகளைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் யூசர்குரோம் என்ற கோப்பை நாமே எழுதுவது மூன்றாவது. நான் மூன்றாவதில் நிற்கிறேன்.

ஆம்னி மூட்டை, பார்க்க எளிய வழி. அது ஏறக்குறைய ஒரு ஜிப் கோப்புதான். திறந்தால் எல்லா ஐகான்களும் வரிசையாக இருக்கும். அதே பெயரில் நம் படத்தை வைத்து மூடிவிடலாம். எந்த விதியும் எழுத வேண்டாம், நிரலின் எல்லா மூலையிலும் படம் மாறிவிடும். முதல் முறை செய்து பார்த்தபோது எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நிரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது பழைய மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் ஏறக்குறைய மாதந்தோறும் வருகின்றன. மாதந்தோறும் மாமனார் வீட்டுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஐகான் ஒட்டுவதற்காக இருக்கக்கூடாது. புதுப்பித்தலையே நிறுத்திவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வங்கிக் கடிதங்கள் வந்து விழும் நிரலில் அதைச் செய்யச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

நீட்சிகள் ஒரு காலத்தில் ராஜாவாக இருந்தன. ஒரு தீம் முழு நிரலின் தோலையும் உரித்து வேறு தோல் போர்த்தும். அந்த முழுத் தீம்கள் போய்விட்டன; இன்றைய சாதாரணத் தீம் நிறங்களையும் பின்னணிப் படத்தையும்தான் மாற்றும், ஐகானைத் தொடாது. ஐகானைத் தொடும் நீட்சிகள் நிரலின் உள்ளுறுப்புகளைப் பிடித்துத்தான் அதைச் செய்கின்றன. ஆகவே பெரிய பதிப்பு மாறும்போது அதை எழுதியவர் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டும். அவருக்கு நேரம் கிடைப்பது நம் கையில் இல்லை. இப்படி ஒன்றை நான் இரண்டு வாரம்தான் வைத்திருந்தேன், அதனால் இதை அரைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்எஸ் பக்கமே போக விரும்பாதவருக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

யூசர்குரோமுக்கு வருகிறேன். தண்டர்பேர்ட் நம் கடிதங்களையும் அமைப்புகளையும் புரொஃபைல் என்ற தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறது. அதற்குள் குரோம் என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் இந்தக் கோப்பை வைத்தால், நிரல் திறக்கும்போது நம் விதிகளையும் சேர்த்துப் படிக்கும். 2019 முதல் இதற்கு அமைப்புத் திருத்தியில் ஒரு சாவியைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அதன் பெயர் சரக்கு ரயில் நீளம். ‘லெகசி’ (legacy) என்று தேடினால் கண்ணில் படும். புதுப்பித்தல் நிரலின் கோப்புறையைத்தான் மாற்றும், புரொஃபைலை அல்ல. நாம் எழுதியது அப்படியே இருக்கும். இந்த ஒன்றுக்காகத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

அப்படியானால் பராமரிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. கோப்பு அழியாது, ஆனால் அதில் உள்ள விதி செத்துப்போகலாம். என் கணினியில் 2019 முதல் இப்படி ஒரு கோப்பு இருந்தது. கடிதப் பட்டியலும் கோப்புறை மரமும் பழைய கட்டமைப்பில் இருந்தபோது எழுதிய விதிகள் அவை. 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பில் அந்த இரண்டும் புதிதாகக் கட்டப்பட்டுவிட்டன. நான் பெயர் சொல்லிப் பிடித்து வைத்திருந்த உறுப்புகளே அங்கே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருப்பி எழுதினேன். குற்றம் என்னுடையதுதான், இன்னொருவர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்துவிட்டுச் சுவர் நகரக்கூடாது என்றால் எப்படி?

ஆனால் அந்த மாற்றத்தால் ஒரு நன்மையும் வந்தது. இப்போது பல ஐகான்களுக்கு சிஎஸ்எஸ் மாறி என்று ஒரு பெயர் இருக்கிறது. பொத்தான் எங்கே இருக்கிறது, எதற்குள் இருக்கிறது என்று தேடிப் பிடிக்காமல், அந்தப் பெயருக்கு வேறு படத்தைக் காட்டிவிட்டால் அது வரும் இடமெல்லாம் மாறிவிடும். உறுப்பின் இருப்பிடத்தைப் பிடித்து எழுதிய விதிகள்தான் என் கோப்பில் செத்தன. பெயரைப் பிடித்து எழுதியவை 128, 140 ஆகிய இரண்டு பதிப்புகளையும் தாண்டி நிற்கின்றன. பழைய நாட்களில் எல்லா ஐகான்களும் ஒரே நீளப் படத்தில் வரிசையாக இருக்கும், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை வெட்டுவது என்று எண்ணால் சொல்ல வேண்டும். வரிசையில் ஒன்று நகர்ந்தால் பதில் பொத்தானில் குப்பைத்தொட்டி நிற்கும். அதோடு ஒப்பிட்டால் இது சுகவாசம்.

படங்களுக்கு டாங்கோ தொகுப்பை எடுத்தேன். பழைய பாணி, நல்ல நிறம், தடித்த ஓரம். பொதுவுடைமையாக விடப்பட்டது என்பதால் உரிமச் சிக்கலும் இல்லை. எஸ்விஜி என்பது எழுத்தால் ஆன படம், ஆகவே தனிக் கோப்புகளாக வைக்காமல் அந்த எழுத்தையே சிஎஸ்எஸ்ஸுக்குள் பதித்துவிட்டேன். கணினி மாறினால் ஒரே கோப்பை நகலெடுத்தால் போதும். அப்படிப் பதிக்கும்போது # குறியை %23 என்று எழுத வேண்டும். இது தெரியாமல் ஒரு மணி நேரம் வெற்றுப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழப்பும் ஒன்று உண்டு: இந்தப் படங்கள் தீமுக்கு ஏற்ப நிறம் மாறாது. இருள் தீமில் இவை எப்படி இருக்கும் என்று நான் அதிகம் கவலைப்படவில்லை, மாமனார் அதைத் திறப்பதில்லை.

கிளாஸ் மெயில் (Claws Mail) என்ற வேறொரு மின்னஞ்சல் நிரலையும் எண்ணிப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஐகானை மட்டும் வைத்து மதிப்பிட்டால் அதுதான் வெல்லும். அங்கே தீம் என்பதே படங்கள் நிறைந்த ஒரு கோப்புறை. நமக்கென்று ஒன்றை நம் கோப்புறையில் வைத்துக்கொள்ளலாம், புதுப்பித்தல் தொடாது, எந்த விதியும் எழுத வேண்டாம். ஆனால் அதில் எச்டிஎம்எல் கடிதம் எழுத முடியாது. பேத்தியின் படத்தைக் கடிதத்தின் நடுவே வைத்து அனுப்புபவரிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மொத்தம் ஒன்பது ஐகான்களை மாற்றினேன். பத்தாவதாக, வேண்டாத கடிதத்துக்கான பொத்தானில் இருக்கும் தீச்சுவாலையையும் மாற்றப் போனேன். கடிதத்தோடு நெருப்புக்கு என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்போதுமே தோன்றும். மாமனார் கையைப் பிடித்து நிறுத்தினார். ‘அதை விட்டுவிடுங்கள் மாப்பிள்ளை. குப்பையைக் கொளுத்துகிறான், அதுதானே? அது ஒன்றுதான் முதல் நாளே புரிந்தது.’